மல்: ஒரு சொல்லின் வழித்தடம்

‘மல்யுத்தம்’ என்பதை முழுவதும் வடசொல்லாகக் கொள்வோர் உண்டு; அதன் முதற்பகுதியைச் சான்று தேடாமலே தமிழென்று உரிமை கொண்டாடுவோரும் உண்டு. இச்சொல்லின் வரலாறு இருசாராரின் அவசரத்துக்கும் இடங்கொடுப்பதில்லை.

தமிழில் ‘மல்’ என்பது வலிமையையும் மற்போரையும் குறிக்கும். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியதே புறநானூற்றின் 80ஆம் பாடல். இதனோடு ‘மல்லல்’, ‘மல்குதல்’ என்பவற்றையும் சேர்த்து நோக்க வேண்டும். மல்லல் என்பதற்கு வளம் எனத் தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. மல்குதல் என்பது நிறைதல், பெருகுதல். இவை ஒரே வேரின என்பது நிறுவப்பட்ட முடிபன்று, எனினும் கருதத்தக்கது. அவ்வாறாயின், உடல்வலி என்பது உள்ளே நிறைந்து பெருகிய வளம் என்றாகிறது. ஆங்கிலத்தின் ‘அத்லெட்’ என்பதோ, பரிசு எனப் பொருள்படும் ‘ஆத்லோன்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அங்கே பெயர் தந்தது வென்றபின் கிடைக்கும் பொருள், இங்கே ஆற்றலே.

வடமொழியிலும் ‘மல்ல’ என்பது மற்போர் வீரனைக் குறிக்கும். குசிநாரா, பாவா ஆகிய ஊர்களில் ஆண்ட குலத்தாரின் பெயரும் அதுவே. ஆனால் குலப்பெயரும் தொழிற்பெயரும் ஒலியால் ஒத்திருப்பது ஒன்றே, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததற்குச் சான்றாகாது. தாதுபாடம் ‘மல்ல’ என்னும் வேருக்குத் தாங்குதல், பற்றுதல் என்ற பொருளைத் தருகிறது. பற்றுதல் மற்போருக்குப் பொருந்தாததன்று. ஆயினும் வழக்கிலுள்ள பெயர்களுக்கு இலக்கணிகள் பின்னர் வேர் வகுத்ததும் உண்டு. மாறாக, தமிழில் ‘மல்’ தனிச்சொல்லாகவே நிற்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதன் இனச்சொற்கள் உள்ளன. எனவே திராவிட மூலமே வலிதாகத் தோன்றுகிறது.

மூலம் எதுவாயினும், இச்சொல் ஓரிடத்தில் தங்கவில்லை. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மனின் ‘மகாமல்ல’ என்னும் விருது தமிழில் மாமல்லன் ஆகி, மாமல்லபுரத்தில் நிலைத்தது. கல்யாணிச் சாளுக்கியர் ஆகவமல்லன், திரிபுவனமல்லன், பூலோகமல்லன் என விருது பூண்டனர். இவர்களுள் பூலோகமல்லனான மூன்றாம் சோமேசுவரன், 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாச’த்தில் மல்லரின் பயிற்சியையும் உணவையும் விரித்துரைத்தான். மராட்டியத்தின் ‘மல்லகம்ப’த்தில் அது பயிற்சிக் கம்பத்தின் பெயராயிற்று.

உடலின் ஆற்றலைக் குறித்த சொல் அரசனின் அதிகாரத்தையும் குறிக்கலானது இவ்வழியில்தான். வேர் யாருடையது என்று வினவும் ஆய்வு, அதை யார் யார் எதற்காக ஏற்றுப் போற்றினர் என்பதையும் வினவ வேண்டும். சொல்லின் பெரும்பகுதி வரலாறு அவ்விரண்டாம் வினாவிலேயே அடங்கியுள்ளது.