சாலிட்டரி (லாஸ்ட் அத்தியாயம்)

சாலிட்டரி (பொருள்: தனிமை) என்பது லாஸ்ட் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத் தொடரின் முதற் பருவத்தில் இடம்பெற்ற ஒன்பதாவது அத்தியாயம் ஆகும். டேவிட் ஃபியூரி எழுதிய இதனைக் கிரெக் யாட்டேனஸ் இயக்கினார். இது ஏபிசி தொலைக்காட்சியில் 2004 நவம்பர் 17 அன்று முதன்முறையாக ஒளிபரப்பானது. சித்திரவதை செய்து பழகிய ஒருவர் தாமே சித்திரவதைக்கு உள்ளாவதே இதன் மையக்கரு ஆகும். இந்திய வம்சாவளி நடிகரான நவீன் ஆண்ட்ரூஸ் இதில் முதன்மைப் பாத்திரம் ஏற்றுள்ளார்.

பின்னணி

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் ஓசியானிக் 815 என்ற கற்பனை விமானம் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஒரு தீவில் நொறுங்கி விழுகிறது. அதில் உயிர்தப்பியோரின் வாழ்க்கையே லாஸ்ட் தொடரின் கதையாகும். தொடர் 2004 செப்டம்பர் 22 முதல் 2010 மே 23 வரை ஒளிபரப்பானது. இதன் பெரும்பகுதி ஹவாயைச் சேர்ந்த ஓவாகு தீவில் படமாக்கப்பட்டது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் தீவு நிகழ்வுகளுக்கு இடையே ஒரு பாத்திரத்தின் கடந்த காலம் காட்டப்படுவது முதற் பருவத்தின் வழக்கமாகும்.

சயீத் ஜரா ஈராக்கியக் குடியரசுக் காவற்படையின் முன்னாள் வீரர். தகவல் தொடர்புக் கருவிகளில் தேர்ந்தவர். தொடக்க அத்தியாயத்தில் பயணிகளின் கருவியில் பிரெஞ்சு மொழியில் ஓர் அபாயச் செய்தி கேட்கிறது. அது 16 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஒலித்து வருவதை அவரே கணக்கிடுகிறார். எட்டாவது அத்தியாயத்தில், ஆஸ்துமாவால் அவதிப்படும் ஷானன் என்ற பெண்ணின் மருந்தைச் சாயர் என்பவர் ஒளித்து வைத்திருப்பதாக நம்பி, சயீத் அவரைச் சித்திரவதை செய்கிறார். ஆனால் சாயரிடம் அம்மருந்து இருக்கவேயில்லை. இறுதியில் யூக்கலிப்டஸ் இலையே ஷானனுக்கு உதவுகிறது. தன் செயலுக்கு வெட்கி, சயீத் முகாமை விட்டுத் தனியே வெளியேறுகிறார்.

கதைச் சுருக்கம்

கடற்கரையோரம் நடந்து செல்லும் சயீத், கடலிலிருந்து காட்டுக்குள் செல்லும் ஒரு கம்பி வடத்தைக் காண்கிறார். அதைப் பின்தொடரும்போது ஒரு கண்ணியில் சிக்கித் தலைகீழாகத் தொங்குகிறார். அவரைப் பிடித்துச் செல்லும் பெண், கட்டிலில் பிணைத்து மின்னதிர்ச்சி கொடுத்து, அலெக்ஸ் எங்கே எனப் பல மொழிகளில் கேட்கிறார். சயீதுக்கு விடை தெரியாது.

அப்பெண்ணே அபாயச் செய்தியைப் பதிவு செய்த டேனியல் ரூசோ. அறிவியல் ஆய்வுக் குழு ஒன்றுடன் கடற்பயணம் செய்தபோது, கப்பல் பாறையில் மோதியதால் இத்தீவில் சிக்கியவர். தம் தோழர்களை ஒரு நோய் பற்றியதாகவும், அது வெளியுலகுக்குப் பரவாதிருக்க அவர்களைத் தாமே கொன்றதாகவும் கூறுகிறார். சயீத் அவருடைய பழுதான இசைப்பெட்டியைச் சரிசெய்து கொடுக்கிறார். பின்னர் துப்பாக்கியுடன் தப்ப முயலும்போது, அதிலுள்ள சுடும் ஊசி முன்பே கழற்றப்பட்டிருப்பது தெரியவருகிறது. எனினும் ரூசோ அவரைப் போகவிடுகிறார். அலெக்ஸ் தன் குழந்தை என்பதையும் அப்போது சொல்கிறார். முகாமுக்குத் திரும்பும் வழியில் காட்டில் பலர் முணுமுணுக்கும் ஒலி சயீதுக்குக் கேட்கிறது.

கடந்த காலக் காட்சிகளில், ஈராக்கில் கைதிகளை விசாரிக்கும் பணியில் சயீத் உள்ளார். சிறுவயதிலேயே அறிமுகமான நாடியா அவர்முன் கைதியாகக் கொண்டுவரப்படுகிறார். அவர் எவரையும் காட்டிக்கொடுக்க மறுக்கிறார். அவரைக் கொல்லுமாறு மேலதிகாரி ஆணையிட, சயீத் அவரைத் தப்பவிடுகிறார். அவ்வேளை அங்கு வந்த மேலதிகாரியைச் சுட்டுவிட்டு, நாடியாவே சுட்டது போலத் தோன்றத் தம் காலிலும் சுட்டுக்கொள்கிறார்.

துணைக்கதையில், முகாமில் நிலவும் அச்சத்தைக் குறைக்க ஹர்லி என்பவர் ஒரு குழிப்பந்தாட்டத் திடல் அமைக்கிறார். பின்னர் முக்கியத்துவம் பெறும் ஈத்தன் என்ற பாத்திரம் இவ்வத்தியாயத்திலேயே முதலில் தோன்றுகிறது.

கருப்பொருள்

எட்டாவது, ஒன்பதாவது அத்தியாயங்கள் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. இரண்டிலும் வதைக்கப்படுபவரிடம் கேட்கப்படும் பொருளோ விடையோ இல்லை. எனவே வலியால் உண்மை வெளிப்படுவதில்லை. ரூசோ பற்றிய செய்திகள் உரையாடலில்தான் பெருமளவு வெளிவருகின்றன. நாடியாவைக் காத்ததும் ஆணைக்குக் கீழ்ப்படியாமையே.

இவ்வத்தியாயம் ஒளிபரப்பான காலமும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்கப் படைகள் 2003 மார்ச்சில் ஈராக்கினுள் நுழைந்தன. அபு கிரைப் சிறையில் ஈராக்கியக் கைதிகள் வதைக்கப்பட்ட படங்கள் 2004 ஏப்ரலில் வெளியாயின. அதே ஆண்டில் ஈராக்கியப் படைவீரர் ஒருவரை, குற்றமும் மனச்சான்றும் உடைய மனிதராக அமெரிக்க நேயர்முன் இத்தொடர் நிறுத்தியது.

ரூசோ என்ற பெயர் மெய்யியலாளர் இழான் இழாக் ரூசோவை நினைவூட்டுகிறது. தொடரின் மற்றொரு பாத்திரமான ஜான் லாக்கும் ஆங்கிலேய மெய்யியலாளர் ஒருவரின் பெயரைக் கொண்டவர். மனிதரின் இயற்கை நிலை பற்றி இவ்விருவரும் எழுதியுள்ளனர்.

நடிகர்கள்

சயீதாக நடித்த நவீன் ஆண்ட்ரூஸ் 1969இல் இலண்டனில் பிறந்தவர். பெற்றோர் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். தி இங்கிலீஷ் பேஷண்ட் (1996) திரைப்படத்தில் கிப் என்ற சீக்கிய வீரராக நடித்து அறியப்பட்டார். சயீத் பாத்திரத்திற்காக 2005ஆம் ஆண்டு எம்மி விருதுக்குச் சிறந்த துணை நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். அவ்வாண்டின் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை லாஸ்ட் பெற்றது.

ரூசோவாக நடித்த மிரா ஃபுர்லான் (1955–2021) அன்றைய யூகோசுலாவியாவின் சாகிரேப் நகரில் பிறந்தவர். 1991இல், நாடு போரால் சிதறியபோது அமெரிக்காவில் குடியேறினார். பாபிலோன் 5 தொடரிலும் முக்கியப் பாத்திரம் ஏற்றவர். நாடியாவாக ஆண்ட்ரியா கேப்ரியல் நடித்தார்.

தொடர்ச்சி

இங்கு எழும் இரண்டு வினாக்களுக்குப் பிற்காலத்தில் விடை கிடைக்கிறது. நாடியா உயிருடன் இருப்பதும், அவரைக் காணவே சயீத் விமானமேறியதும் முதற் பருவத்தின் பிற்பகுதியில் தெரியவருகின்றன. ரூசோவின் குழந்தையான அலெக்ஸ், தீவிலுள்ள மற்றவர்களால் வளர்க்கப்பட்ட பெண். தாயும் மகளும் மூன்றாம் பருவத்தின் இறுதியில் (2007) சந்திக்கின்றனர். நான்காம் பருவத்தில் இருவரும் கொல்லப்படுகின்றனர்.