சரிவைச் சமனாக்கிய கைகள்: உதகைத் தாவரவியல் பூங்காவும் மலைநிலம் திருத்தும் கலையும்

முன்னுரை

தமிழர் வேளாண் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஏரி, ஆறு, கழனி என்னும் சமவெளி நிலத்தையே மையமாகக் கொண்டனர். மலைச்சரிவைத் திருத்தித் தோட்டமாக்கிய வரலாறு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. செங்குத்தான சரிவொன்றைப் படிப்படியாக வெட்டி நிரவி, நீர் வடிய வழிசெய்து, மண் சரியாமல் கல்லடுக்கி, பின்னரே அதில் செடி நடவேண்டும். இவ்வேலை இன்றும் நீலகிரியில் நடக்கிறது; கண்டியிலும் நடக்கிறது; நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் குடியேறிய தமிழர் தம் வீட்டுப் புறக்கடையில் சிறிதளவு சாய்வைச் சமன்செய்யும்போதும் இதே வினாக்கள் எழுகின்றன. உதகமண்டலத்து அரசு தாவரவியல் பூங்காவை முதன்மைச் சான்றாகக் கொண்டு, சரிவைச் சமனாக்குதல் என்பது மண்ணைப் பற்றிய வேலையைவிட நீரைப் பற்றிய வேலையே என்பதையும், அவ்வேலையின் அறிவு எவரிடம் இருந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிஞ்சி நிலமும் சமன்செய்யா வேளாண்மையும்

பழந்தமிழ் மரபு மலையையும் மலைசார்ந்த இடத்தையும் குறிஞ்சி எனத் தனித்திணையாக வகுத்தது. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு மலைநாட்டுப் பூக்களை நீண்ட பட்டியலாகவே தருகிறது. ஆயினும் குறிஞ்சியின் முதன்மைப் பயிரான தினை, சரிவை வெட்டாமலே விளைவிக்கப்பட்டது. காட்டை எரித்துப் புனமாக்கி, சில ஆண்டுகள் விதைத்து, பின்னர் நிலத்தை ஆறவிடுவது அம்முறை. மலையின் வடிவம் மாறாது. இடம் மட்டுமே மாறும்.

நிலத்தைச் சமன்செய்யும் நுட்பம் மருதத்தில் வளர்ந்தது. வரப்பிடுதல், பரம்படித்தல், மடை திறத்தல், கலிங்கு அமைத்தல் ஆகிய அனைத்தும் நீர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவும், வழியவேண்டிய இடத்தில் வழியவும் செய்யும் செயல்கள். ஏரிக்கரை எழுப்புவதிலும் கிணறு வெட்டுவதிலும் கல்லுடைப்பதிலும் தேர்ந்த போயர் முதலிய தொழிற்குழுவினர் இந்நுட்பத்தைத் தலைமுறைகளாகக் காத்து வந்தனர். கொடைக்கானல் மலையின் பூம்பாறை போன்ற ஊர்களில் காணப்படும் படிவயல்கள் மருதத்தின் வரப்பு மலையேறியதற்குக் கண்கூடான சான்றுகள். அப்பகுதியின் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

உதகைப் பூங்காவின் தோற்றம்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்ததையடுத்து உதகை ஐரோப்பியர் வாழிடமாக வளர்ந்தது. அங்குக் குடியேறியோர் தமக்கு வேண்டிய காய்கறிகளைப் பெற 1845ஆம் ஆண்டளவில் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் செலுத்தி ஒரு தோட்டத்தை ஏற்படுத்தினர். அம்முயற்சி நிலைக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் காலத்தில் பொதுப் பூங்கா அமைக்கும் எண்ணம் உருப்பெற்றது. இலண்டனின் கியூ பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்கைவர் 1848இல் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார்.

அவர் பெற்ற நிலம் தொட்டபெட்டாவின் அடிச்சரிவு. மேற்பகுதி செங்குத்தான கரைகளோடு கூடிய காடு, கீழ்ப்பகுதி சதுப்பு, இடையே ஓடைகள் அறுத்த ஆழ்ந்த பள்ளங்கள். ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பும் 2,250 முதல் 2,500 மீட்டர் வரை உயரமும் கொண்ட இந்நிலத்தை வடிவமைத்து முடிக்க ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. மலர்ப் பாத்திகளுக்காகவோ செடிகளைத் தேடிப் பெறுவதற்காகவோ மட்டும் பத்தாண்டு தேவைப்பட்டிராது. சதுப்பை வடித்து, பள்ளங்களைத் தூர்த்து அல்லது கால்வாயாக்கி, சரிவைத் தளங்களாக வெட்டும் மண்வேலையே அக்கால அளவை விழுங்கியிருக்கும்.

இன்று கீழ்ப்பூங்கா, புதுப்பூங்கா, இத்தாலியப் பூங்கா, கண்ணாடி இல்லம், நீரூற்றுத் தளம், நாற்றங்கால் என ஆறு பிரிவுகளாக அது விளங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டில் திவோலியில் எழுந்த வில்லா தெஸ்தே, 1619இல் ஜஹாங்கீர் காலத்தில் தொடங்கப்பட்ட காஷ்மீரத்து ஷாலிமார் பூங்கா ஆகியவற்றிலும் தளந்தோறும் நீர் இறங்கிவரும் அமைப்பே அடிப்படை. அவற்றில் நீரைக் காட்சிப்படுத்துவது முதன்மை நோக்கம். உதகையிலோ நீரை அடக்கி வெளியேற்றுவதே முதற்பணி.

1874இல் குன்னூரில் உருவான சிம்ஸ் பூங்கா இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. அங்கு ஆழ்ந்த பள்ளத்தாக்கின் இயல்பான வடிவமே பெரிதும் பேணப்பட்டு, பாதைகளும் நடவும் சரிவுக்கேற்ப வளைந்தன. எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவிடுவது என்னும் தெரிவே மலைத்தோட்டக் கலையின் முதல் தெரிவாகும்.

படி வெட்டுதலின் கணக்கு

சரிவைப் படியாக்குதலுக்குத் தெளிவான கணக்கு உண்டு. 25 விழுக்காட்டுச் சரிவு என்றால் 100 மீட்டர் கிடைத்தொலைவில் நிலம் 25 மீட்டர் இறங்குகிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 1.5 மீட்டர் இறக்கம் வைத்துச் செங்குத்தான கல்சுவர் எழுப்பினால் 6 மீட்டர் அகலமுள்ள தளம் கிடைக்கும். கல்லின்றி மண்கரையையே ஒன்றுக்கு ஒன்று என்னும் சாய்வில் விட்டால் தளத்தின் அகலம் 4.5 மீட்டராகக் குறையும். கற்சுவருக்கு ஆகும் செலவும் மண்கரையால் இழக்கும் நிலமும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

தளத்தின் மேற்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியை நிரப்புவதே வழக்கம். முற்கூறிய செங்குத்துச் சுவர் அமைப்பில் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,875 கன மீட்டர் மண்ணை வெட்டி நகர்த்தவேண்டும். இயந்திரங்கள் வராத காலத்தில் இம்மண் முழுதும் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் வெட்டப்பட்டுக் கூடையில் நகர்ந்தது. மேல்மண்ணை முதலில் தனியே ஒதுக்கி, தளம் அமைந்தபின் மீண்டும் பரப்பவேண்டும். தவறினால் வெட்டிய பாதியில் உயிரற்ற அடிமண்ணே எஞ்சும். நிரப்பிய பாதியை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கவேண்டும். தவறினால் முதல் மழையிலேயே அது அமிழும்.

நீலகிரியின் உருளைக்கிழங்கு நிலங்களில் படிகள் வெளிப்புறம் சாயாமல் மலையை நோக்கி உட்சாய்வாக அமைக்கப்படுகின்றன. மழைநீர் படியின் விளிம்பைத் தாண்டி வழியாமல் உள்ளோரத்து வாய்க்காலில் சேர்ந்து, மெல்லிய வாட்டத்தில் பக்கவாட்டாக ஓடிப் பொதுவடிகாலை அடைகிறது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். விளிம்பில் வழிந்தால் கரை அறும். 1954இல் உதகையில் நிறுவப்பட்ட மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இத்தகைய முறைகளை ஆய்ந்து பயிற்றுவித்துள்ளது.

கொத்தனார் வழக்கிலுள்ள ‘வாட்டம்’ என்னும் சொல் இங்கே கருதத்தக்கது. ‘மட்டம்’ பார்த்தல் ஒரு வேலை. ‘வாட்டம்’ விடுதல் மற்றொரு வேலை. கண்ணுக்குச் சமனாகத் தோன்றும் தளம் நீருக்குச் சரிவாக இருக்கவேண்டும் என்னும் அறிவை இவ்விரு சொற்களும் தம்முள் அடக்கியுள்ளன.

உழைத்தோரும் நிலமுடையோரும்

பூங்காவின் வரலாறு பெரும்பாலும் மெக்கைவர் ஒருவரின் சாதனையாகவே சொல்லப்படுகிறது. 1860களில் சிங்கோனாப் பயிரை நீலகிரியில் நிலைநிறுத்தியதிலும் அவர் பங்கு பெரிது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அமைந்த அத்தோட்டங்களுள் நடுவட்டத்தில் சீனக் கைதிகள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். மலைச்சரிவைத் திருத்தும் உழைப்பு எத்தகையது, அதற்கு எவரை நிருவாகம் தேடியது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

நிலத்தின் முந்தைய உரிமையும் மறக்கத்தக்கதன்று. உதகைச் சுற்றுவட்டம் தோதவர் எருமை மேய்த்த நிலம். பூங்காவின் மேற்புறத்தில் தோதவர் மந்து இன்றும் உள்ளது. மேய்ச்சல் வாழ்வுக்குச் சமதளம் தேவையில்லை. சரிவை ஒரு குறையாகக் கண்டு அதைத் திருத்த முற்பட்டது வேறொரு வாழ்முறையின் பார்வை.

இலங்கை மலையகத்தில் இவ்வரலாறு இன்னும் விரிந்தது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் காப்பித் தோட்டங்களையும், பின்னர் 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய வழியில் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கினர். அங்குச் சரிவு முழுதும் படியாக்கப்படவில்லை. சரிவுக்குக் குறுக்கே வடிகால்கள் வெட்டப்பட்டன. மலையகத் தமிழில் அவற்றிற்குக் ‘கான்’ என்று பெயர். கான் வெட்டுதல் தனி வேலையாகவே எண்ணப்பட்டது. தோட்ட அறிக்கைகள் ஏக்கர் கணக்கைப் பதிவுசெய்தன. மலையைத் தாங்கி நிறுத்திய அறிவைத் தொழிலாளரின் வாய்ச்சொல்லே பதிவுசெய்தது.

நீர்வழியை மறந்ததன் விலை

1978ஆம் ஆண்டிலும் 2009 நவம்பரிலும் நீலகிரியில் பெருமழையோடு கடும் நிலச்சரிவுகள் நிகழ்ந்தன. 2009இல் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவின் அடியைக் கட்டடத்திற்காகச் செங்குத்தாக வெட்டுதல், இயற்கை ஓடையை அடைத்தல், வடிகாலின்றித் தடுப்புச்சுவர் எழுப்புதல் ஆகியன மலையை வலுவிழக்கச் செய்வன. சுவரைத் தள்ளுவது மண்ணின் எடை மட்டுமன்று. மண்ணுள் தேங்கிய நீரின் அழுத்தமும் ஆகும். நீர் கசியும் துளைகளும் சுவரின் பின்னே சரளைக்கல் அடுக்கும் இல்லாத சுவர் அணையாக மாறுகிறது. அணையாக அது கட்டப்படவில்லை.

பிஸ்கட்டவே போன்ற இடங்களில் குளிர்காலம் இன்னொரு இடரைச் சேர்க்கிறது. சுவரின் பின்னே தேங்கும் நீர் உறைந்து விரிந்து கல்லைப் புறந்தள்ளும். நியூ ஜெர்சி 1975இல் இயற்றிய மண்ணரிப்புத் தடுப்புச் சட்டம், 5,000 சதுர அடிக்கு மேல் நிலத்தைக் கிளறும் பணிகள் பலவற்றுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும் என்கிறது. ஒருவர் தம் நிலத்தில் திருப்பிவிடும் நீர் அண்டையாரின் நிலத்தில்தான் சென்று சேரும். சட்டம் இன்று கேட்கும் இவ்வினாவை மடைக்காரரும் ஊராரும் ஏரிப்பாசனத்தில் நெடுங்காலம் கேட்டு வந்துள்ளனர்.

முடிவுரை

உதகைப் பூங்கா காட்டும் உண்மைகள் மூன்று. சரிவைச் சமனாக்குதலின் வெற்றி, வெட்டிய மண்ணின் அளவைவிட விடுத்த நீர்வழியைச் சார்ந்தது. எல்லாச் சரிவையும் வெட்டவேண்டுவதில்லை. குன்னூரும் மலையகமும் வேறு வழிகளைக் காட்டின. இக்கலையின் அறிவு நூல்களைவிடத் தொழிற்சொற்களில் மிகுதியாகத் தங்கியுள்ளது. மட்டம், வாட்டம், திமிசு, கலிங்கு, கான் ஆகிய சொற்களை நீலகிரி, கொடைக்கானல், மலையகம் ஆகிய மூன்று நிலங்களிலும் களப்பணி வழித் தொகுத்து ஒப்பிடும் அகராதிப் பணி தமிழாய்வுலகின் உடனடித் தேவையாகும். அச்சொற்களை நாள்தோறும் ஆண்ட தலைமுறை மூத்துவருகிறது. பொக்லைன் இயந்திரம் ஒரு பகலில் வெட்டிவிடும் சரிவில், நீர் எங்கே போகும் என்று கேட்பதற்கான சொல்லும் அவர்களோடு மறைந்துவிடலாகாது.