கடன்பட்ட வினைச்சொல்: கரியாலூரிலிருந்து ஒரு குறிப்பு

கரியாலூரில் சில மாதங்கள், மாலை வேளைகளில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 'மாடல் ஆக்சிலரி' என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிற கேன், மே, மஸ்ட், ஷல், வில் முதலிய துணைவினைகளை நடத்திய நாளில் ஒரு பையனின் அப்பா காகிதம் ஒன்றோடு வந்தார். அவர் உழுதுவந்த நிலம் காட்டுக் கணக்கில் இருந்தது. பட்டா கேட்டுப் போட்ட மனுவுக்கு ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதில் அது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. "பரிசீலிக்கலாம்னு போட்டிருக்குங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "லாம்னு போட்டுட்டாங்கல்ல சார், அப்ப சரின்னு சொல்லிட்டாங்க" என்று காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு போனார். கூப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும், நான் திருத்தவில்லை. நான் ஊரைவிட்டு வரும்வரை பட்டா வரவில்லை.

அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லிவிட முடியுமா? "கிளம்பலாமா?" "கிளம்பலாம்." இங்கே லாம் என்பது சம்மதம். "நீ உள்ளே வரலாம்" என்றால் அனுமதி. "சாயங்காலம் மழை வரலாம்" என்றால் வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆங்கிலத்தின் மே என்ற சொல்லுக்குப் பின்னவை இரண்டும் உண்டு. கூடிக் கிளம்புகிற அந்த முதல் பொருள் கிடையாது. அலுவலகம் மழையின் லாமில் பேசியது. அவர் கிளம்புகிற லாமில் கேட்டார். நடுவில் மொழிபெயர்த்தவன் நான். ஆகவே பிழை என்னுடையதுதான்.

வேண்டும் என்பதும் இப்படித்தான். "எனக்குத் தண்ணி வேணும்" என்பது ஆசை. "நீ வரணும்" என்பது கட்டாயம். கட்டாயத்துக்குள் எவரோ ஒருவரின் ஆசை ஒளிந்திருக்கிறது என்பதைத் தமிழ் மறைப்பதில்லை. ஆங்கிலத்தின் வில்லும் ஒரு காலத்தில் 'விரும்புகிறேன்' என்ற முழு வினையாக இருந்ததுதான். கேன் 'அறிவேன்' என்றிருந்தது. மே என்பது 'எனக்கு வலு உண்டு' என்றிருந்தது. அனுமதிக்கும் சொல்லின் வேரில் வலிமை கிடப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இவற்றுள் விசித்திரமானது ஷல். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள். அதன் உறவுச்சொல்லான ஜெர்மானிய 'ஷூல்ட்' கடனையும் குற்றத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. 1887இல் நீட்சே அறநெறியின் வம்சாவளியை எழுதியபோது குற்றவுணர்வு கடனிலிருந்து பிறந்தது என்று வாதிட அந்தச் சொல்லைத்தான் பற்றிக்கொண்டார். நாம் ஜெர்மனிவரை போக வேண்டியதில்லை. நம்மிடமும் கடன் என்றால் வாங்கிய பணம், கடன் என்றால் ஆற்ற வேண்டிய கடமை. இந்தக் கடன்பட்ட வினைக்கு 1653இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர், லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு விதி வகுத்தார். தன்மையில் ஷல் வெறும் வருங்காலம். முன்னிலையிலும் படர்க்கையிலும் அதுவே மிரட்டல் அல்லது வாக்குறுதி. அதாவது என்னைப் பற்றி நான் பேசினால் அது செய்தி. உன்னைப் பற்றி நான் பேசினால் அது அதிகாரம். ஆங்கிலேயர்கள் தங்கள் அன்றாடப் பேச்சில் ஷல்லைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். நம் பிள்ளைகள் மட்டும் ரென் அண்ட் மார்ட்டின் வழியாக இந்த விதியைத் தலைமுறைக் கணக்கில் மனப்பாடம் செய்தார்கள்.

கல்வராயன் மலைக்கு இந்தச் சொல்லின் பொருளை யாரும் பாடமாக நடத்த வேண்டியிருக்கவில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் பெயர்களில் இருந்த சாகிர்களின்கீழ் மலையாளி இன மக்கள் வரியும் கூலியில்லா உழைப்பும் கொடுத்துவந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதே 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. முறை ஒழிந்தது, கடனைத் திருப்பித் தரும் பொறுப்பு அற்றுப்போனது என்று அறிவிக்க அந்தச் சட்டம் பயன்படுத்துகிற சொல் எது தெரியுமா? அதே ஷல்தான். கடனைக் குறித்த வினை கடனை அழிக்க வந்து நிற்கிறது. ஆனால் அதே சட்டத்தின் பத்தாம் பிரிவு, இதை நிறைவேற்றுவதற்கான அதிகாரங்களை மாநில அரசு மாவட்ட ஆட்சியருக்கு வழங்க'லாம்' என்கிறது. விடுதலை ஷல்லில், விடுதலைக்கான கையாள் மேயில்.

அரசியல் சட்டத்திலும் இந்த இழுபறியைக் காணலாம். ஐந்தாம் அட்டவணைப்படி, பட்டியல் பகுதி என்பது குடியரசுத் தலைவர் ஆணையிட்டு அறிவிக்க'க்கூடிய' பகுதி. 1950 முதல் இன்றுவரை தமிழ்நாட்டில் ஒரு மலைகூட அப்படி அறிவிக்கப்படவில்லை: கல்வராயனும் இல்லை, சேர்வராயனும் இல்லை, கொல்லிமலையும் இல்லை. அதனால் பட்டியல் பகுதிகளில் கிராம சபைக்கு உரிமைகள் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. சட்டத்தை யாரும் மீறவில்லை. மே என்பதை மீறவே முடியாது. அதுதான் அதன் வசதி.

இதற்கு நீதிமன்றங்கள் ஒரு மருந்து வைத்திருக்கின்றன. 1880இல் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, அதிகாரத்தோடு கடமையும் பிணைந்திருந்தால் லாம் என்பதை வேண்டும் என்று வாசிக்கலாம் என்ற கொள்கையைப் பேசியது. அந்தப் பிஷப்புக்கு அப்படிக் கடமை இல்லை என்றும் சொல்லிவிட்டது! 1996இல் தென்னாப்பிரிக்கா தன் அரசியல் சட்டத்தில் ஷல்லை ஒதுக்கி மஸ்டை வைத்தது. நல்லதுதான். ஆனால் சொல்லை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப நான் தயாரில்லை. ஷல் என்று எழுதிய எத்தனையோ பிரிவுகள் மலையேறாமல் அடிவாரத்திலேயே நின்றுவிட்டதை நாம் அறிவோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரலாற்று அநீதியைப் பற்றி முகவுரையிலேயே பேசுகிறது. அதன் நான்காம் பிரிவின் தொடக்கத்தில், உரிமையை வழங்குகிற வாக்கியத்தில், துணைவினையே இல்லை. அங்கீகரிக்கிறது, உரித்தாக்குகிறது என்று சாதாரண நிகழ்காலம். உரிமை ஏற்கெனவே இருக்கிறது, அரசு அதைப் பார்க்க மறுத்துக்கொண்டிருந்தது என்பதே இந்த இலக்கணத்தின் பொருள். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலத்தில் இருக்கும் பழங்குடி, எவருடைய லாமுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கோரிக்கையைக் கிராம சபையில் வைக்க வேண்டும். சரிபார்ப்பு முடியும்வரை அவரை வெளியேற்றக் கூடாது.

அன்று அந்த மனிதர் மனு போட்டிருந்தார். மனு என்பதே லாமின் இலக்கணத்தில் அமைந்த ஒரு வடிவம். உரிமை கோருவது வேறு. நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "இந்தக் காயிதத்துல ஒண்ணும் இல்லீங்க. அவங்க குடுக்கலாம், குடுக்காமலும் போலாம். நீங்க கிராம சபையில எழுதிக் குடுங்க. சட்டத்துல லாம்னு போடல, உங்களுதுன்னு போட்டிருக்கு."

அந்த மாலை அவருடைய பையனுக்கு மே என்ற சொல்லின் பயன்பாடுகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அவன் அழகான கையெழுத்தில் பார்த்து எழுதிக்கொண்டான்.