ஏட்டில் ஏறாத நண்டு

"பிரிஞ்சாங் மலைக்காரருக்குக் கடல் நண்டோடு என்ன வேலை?" என்று எதிரணி நண்பர் கிண்டல் செய்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒன்று தெரியும்: கிராணியின் ஏட்டில் ஏறாத கொழுந்துக்குக் கூலி கிடையாது. நான் பேச வந்ததும் அப்படியொரு கணக்கைப் பற்றித்தான்.

நம் பகாங் மாநிலத்திலேயே, குவாந்தானுக்கு வடக்கே பாலோக் கடற்கரையில் குதிரைலாட நண்டு கரையேறி மணலில் முட்டையிடுகிறது. மலாய்க்காரர்கள் இதைப் பெலாங்காஸ் என்பார்கள். ஆண், பெண்ணின் முதுகைப் பற்றிக்கொண்டே திரியும். அதனால் பிரியாத ஜோடியை 'மாச்சாம் பெலாங்காஸ்' என்று சொல்வது அவர்கள் வழக்கு. பெயர்தான் நண்டு, உறவில் சிலந்திக்கும் தேளுக்கும் பங்காளி. 44 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையிலும் இதன் முன்னோரின் சுவடு கிடைத்திருக்கிறது.

1956-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் ஃபிரெடரிக் பேங்க் என்ற மருத்துவர், கிருமி பட்டதும் இதன் இரத்தம் உறைந்து கட்டியாவதைக் கண்டு எழுதினார். அதிலிருந்து பிறந்த மருந்துச் சோதனைக்கு 1977-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் முயலுக்கு ஊசி போட்டு, காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையில் நம் பிள்ளைக்குப் போடும் ஊசிக்கும் இந்தப் பிராணியிடம் கடன் உண்டு.

அதே அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் 19-ஆம் நூற்றாண்டில் இதை லட்சக்கணக்கில் பிடித்து உரமாக்கினார்கள். ஆனால் 1990 முதல் அங்கே தொண்டர்கள் மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமி இரவுகளில் கரையில் நின்று எண்ணுகிறார்கள். 1998-இல் பிடிப்புக்குக் கட்டுப்பாட்டுத் திட்டமும் வந்தது.

ஆசியாவில்? 1996-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நம் தீபகற்பத்தில் வாழும் இரண்டு இனங்களுக்கும் 'போதிய தகவல் இல்லை' என்றே எழுதியது. தகவல் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருளா? சபா, சரவாக்கிலும் ஜப்பானிலும் வாழும் மூன்றாவது இனத்தைப் பற்றித் தகவல் சேர்ந்தது. 2019-இல் அது 'அழியும் ஆபத்தில்' என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. ஜப்பானின் கசாவோக்காவில் இது முட்டையிடும் கரையை 1928-லேயே இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். பின்னால் அந்த விரிகுடாவையே தூர்த்து விளைநிலமாக்கிவிட்டார்கள்! சட்டம் இருந்தது, கரை இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் குடும்பத்து நண்டு பருவமடையவே பத்து ஆண்டு அளவில் ஆகும். இன்று குஞ்சு குறைந்தால் அது பத்து ஆண்டு கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். ஓர் ஆண்டு எண்ணிவிட்டு ஏட்டை மூடினால் என்ன புரியும்?

"செயற்கை மருந்து வந்துவிட்டதே" என்றார் நண்பர். உண்மை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பௌ இருவரும் நம் சதுப்புநிலக் குதிரைலாட நண்டின் மரபணுவைக் கொண்டே மாற்றுப் பொருளை உருவாக்கினார்கள். 2021 முதல் ஐரோப்பிய மருந்துத்தர நூல் அதை ஏற்கிறது. இரத்தம் எடுப்பது குறையலாம். முட்டையிடும் மணலுக்கு அந்த மருந்து என்ன செய்யும்?

பாலோக்கில் குவாந்தான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் நடக்க வேண்டும், அதற்கு மாநில அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பதே என் கட்சி.