கூத்துத் தெரிவும் களரிப் பயிற்சியும்: மட்டக்களப்பு மரபும் பேராதனைத் தயாரிப்புகளும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அரங்கேறிய நாடகங்களையே நிரல்படுத்திச் சென்றுள்ளனர். ஒரு நாடகம் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது, யாரால் யாருக்குப் பயிற்றப்பட்டது, அரங்கேறுமுன் எத்துணை உழைப்பை வேண்டிற்று என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளுள் போதிய இடம் பெற்றில. பாட்டும் ஆட்டமும் ஒருங்கியைந்த கூத்தினைப் பொறுத்தவரை இவ்வினாக்களே முதன்மையானவை என்பது நம் கருத்து. மட்டக்களப்பு ஊர்களின் வழக்கத்தையும், 1962 முதல் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட தயாரிப்புகளையும் ஒப்புநோக்கி அதனை ஈண்டு ஆராய்வாம்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத, இராமாயணப் போர்க்கதைகள் பெரும்பாலும் வடமோடியிலும், காதலும் வீரமும் விரவிய பிற கதைகள் பெரும்பாலும் தென்மோடியிலும் ஆடப்பெறும். ஆதலின் ஓர் ஊர் இன்ன கதையை ஆடுவதெனத் துணியுங்கால், இன்ன தாளக்கட்டினை, இன்ன உடுப்பினை, அவற்றில் வல்ல இன்ன அண்ணாவியாரை நாடுவதெனவும் உடன் துணிந்ததாகின்றது. வடமோடி உடுப்புப் பாரம் மிக்கது. அதனை அணிந்து நெடுநேரம் ஆடியும் பாடியும் நிற்கவல்ல இளைஞர் ஊரில் உளரா என்பது கதையைத் தெரியும்போதே எண்ணத்தக்கதாகும்.

கதை முடிவான பின்னர் நிகழ்வது சட்டம் கொடுத்தல். ஒவ்வொருவர்க்கும் உரிய பாத்திரத்தை வகுத்து, அதற்குரிய பாடல்களை அண்ணாவியார் அளிப்பார். குரல், தோற்றம், நடை ஆகியவை பார்க்கப்படும். எனினும் அவை மட்டுமே பார்க்கப்பட்டன என்று கூறின் உண்மையாகாது. அரசர் வேடம் யாருக்கு, ஏவலர் வேடம் யாருக்கு என்பதில் ஊரின் குடிமதிப்பும் செல்வாக்கும் தலையிட்டன. அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி தொடரும். ஆட்டம் கைவந்த நிலையில் சதங்கை அணிதலும், அரங்கேற்றத்தின் முன்னர் முழுக்கூத்தையும் ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தலும் நிகழும். அரங்கேற்றத்தோடும் இது முடிவதில்லை. கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். இந்நிகழ்ச்சிகளுள் ஒவ்வொன்றிலும் ஊரவர் கூடுவர். எனவே, அரங்கேற்ற இரவில் களரியைச் சூழ்ந்திருப்போர் கதையைப் புதிதாகக் கேட்போர் அல்லர். பயிற்சிக்காலம் முழுதும் உடனிருந்து பாட்டினை அறிந்தோரே பலராவர்.

இத்தகைய கூத்து, ஆங்கிலக் கல்வி பெற்றோரால் நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கெனப் புறக்கணிக்கப்பட்டிருந்த காலத்திலேயே வித்தியானந்தன் அதன்பாற் கருத்துச் செலுத்தினார். 1956இல் எதிரிவீர சரத்சந்திர அரங்கேற்றிய ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம், நாடகம எனப்படும் மரபினைத் தழுவிப் பெருவெற்றி பெற்றிருந்தது. அந்நாடகம மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது. தமிழர் தம் கூத்தினைத் தாமே போற்றாதிருத்தல் தகுமோ என்னும் எண்ணம் எழுதற்கு இதனினும் தக்க சூழல் வேறில்லை.

1962இல் அவர் தெரிந்தெடுத்தது ‘கர்ணன் போர்’ என்னும் வடமோடிக் கூத்து. அடுத்த ஆண்டு தென்மோடி சார்ந்த ‘நொண்டி நாடகம்’ மேடையேறிற்று. பின்னர் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியன தொடர்ந்தன. இருமோடிகளையும் படித்தோர் முன் வைத்தல் வேண்டும் என்னும் நோக்கம் இவ்வரிசையிற் புலனாகின்றது. ஆட்டம் பயிற்றுதற்கு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை அழைத்தமை நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. நூலறிவு மட்டும் கொண்டு தாளக்கட்டினைப் பயிற்றல் இயலாதென்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். கூத்து மரபிற் பிறந்து வளர்ந்த சி. மௌனகுரு போன்ற மாணவர் அங்குப் பயின்றமையும் பெருந்துணையாயிற்று.

எனினும், களம் மாறியபோது கூத்தும் மாறிற்று. விடியுமளவும் ஆடப்பட்டது ஓரிரு மணி நேரத்துள் அடக்கப்பட்டது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரியின் நடுவே நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் படச்சட்ட மேடையின் ஒருபுறத்தே அமர நேர்ந்தது. எல்லாத் திசையும் நோக்கி ஆடியவர் ஒரு திசை நோக்கி ஆடலாயினர். திரும்பத் திரும்ப வரும் பாடல்களும் வரவாட்டங்களும் குறைக்கப்பட்டன. இம்மாற்றங்களைச் செம்மையாக்கம் எனப் பாராட்டுவாரும், சிதைவு எனக் கடிவாரும் உளர். இருசாராரும் மேடையில் நிகழ்ந்ததையே நோக்கினர் என்பது நம் துணிபு. உண்மையில் பெரிதும் மாறியது மேடைக்கு முற்பட்ட பகுதியே. தெரிவு ஊரவையினின்று பேராசிரியரிடம் வந்தது. சட்டம் கொடுத்தலில் குடிமதிப்பின் பிடி தளர்ந்தது, இது பேறு. ஆனால், பயிற்சியினூடே பார்வையாளரும் உருவாகும் வழக்கம் நின்றது, இஃது இழப்பு. பேராதனை அரங்கில் அமர்ந்தோர் ஆர்வமுடையோராயினும், கூத்தினைத் தமதென வளர்த்தோர் அல்லர்.

இதனால் வித்தியானந்தனின் தொண்டு சிறிதும் குறைவுபடாது. ‘அலங்காரரூபன் நாடகம்’ முதலியவற்றைப் பதிப்பித்தும், அண்ணாவிமாரைப் பெருமைப்படுத்தியும் அவர் ஆற்றிய பணி இன்றேல், இன்று கூத்தினைப் பல்கலைக்கழகங்களில் ஆராய்வதற்கே வழி பிறந்திராது. எனினும் அவர் காத்தது ஆட்டமும் பாட்டும் பனுவலும். அவற்றை ஆண்டுதோறும் ஈன்றளித்த ஊர்க்கூட்டத்தை மேடை தன்னுடன் கொண்டுசெல்ல இயலவில்லை. இவ்வுண்மையை உணர்ந்தே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் முதலியோர் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊராரோடு கலந்து கூத்தினை மீளுருவாக்க முற்பட்டனர். பாத்திரப் படைப்பையும் பனுவலையும் ஊராரே விவாதித்து மாற்றுதல் அம்முயற்சியின் சிறப்பியல்பு.

ஆதலின், கூத்து வரலாறு எழுதுவோர் அரங்கேற்ற நாளினின்று தொடங்குதல் போதாது. கதையைத் தெரிந்தவர் யார், சட்டம் பெற்றவர் யார், பெறாதவர் யார், பயிற்சியை உடனிருந்து கண்டவர் யார் என்பவற்றை முதற்கண் வினவுதல் வேண்டும். அவ்விடைகளை நெஞ்சில் தாங்கிய முதிய அண்ணாவிமார் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். பனுவல் அச்சேறிவிட்டது, பயிற்சியின் வரலாறு இன்னும் பெரிதும் எழுதப்படவில்லை. இளைய ஆய்வாளர் முதலில் மேற்கொள்ளத்தக்க பணி அதுவேயாகும்.