பிற்ஸ்பேர்க்கில் பிறந்த சுவர்

கொக்குவிலில் இன்றைக்கு வீடு கட்டப் புறப்படுபவர் முதலில் போவது பிளான் கீறுபவரிடம். ஓட்டோகாட்டில் கீறி அச்செடுத்து வரும் தாளில் சுவர் என்பது இரண்டு சமாந்தரக் கோடுகள், அவ்வளவுதான். சுவரின் உயரம், அதற்குப் போகும் அரிகல், ஜன்னல் விட்டால் குறையும் கணக்கு எல்லாம் கீறியவரின் தலையிலும் மேசனின் தலையிலும் இருக்கின்றன. இந்தக் கணக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சுவர் ஒன்றும் உண்டு. அது பிறந்து ஐம்பது வருடமாகிறது.

பிறந்த இடம் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சாள்ஸ் ஈஸ்ற்மன் 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டடத்தைக் கோடுகளாகக் கீறாமல் சுவர், தூண், வளை என்று பொருள் பொருளாகக் கணினிக்குள் வைக்கலாம் என்றார். ஒரு சுவரை அரை அடி தள்ளினால் தளப்படமும் முகப்புத் தோற்றமும் குறுக்குவெட்டும் பொருட்கணக்கும் கூடவே மாறவேண்டும். அன்றைய கணினிகளுக்கு அது பெரும் பாரம். சுவர் சில காலம் ஆய்வுகூடத்திலேயே கிடந்தது.

அதை வேலைத்தளத்துக்குக் கொண்டுவந்தவர்களில் புடாபெஸ்ட்காரர் காபோர் போயார் முக்கியமானவர். 1982இல் அவர் தொடங்கிய கிராஃபிசொஃப்ட் நிறுவனம் ஆரம்பத்தில் கையிலெடுத்த பெரிய வேலை வீடு அல்ல, ஹங்கேரியின் பாக்ஸ் அணுமின் நிலையக் குழாய்கள். ஆயிரக்கணக்கான குழாய்கள் ஒன்றோடொன்று முட்டாமல் போகின்றனவா என்று கட்டுவதற்கு முன்பே பார்க்கவேண்டியிருந்தது. கட்டடங்களை வடிவமைக்கும் ஆர்க்கிகாட் மென்பொருள் அந்த நிறுவனத்தில்தான் பிறந்தது. பிறகு 1997இல் மசாசூசெட்சில் இருவர் தொடங்கிய சிறு நிறுவனம் ரெவிற் என்ற மென்பொருளை 2000இல் வெளியிட்டது. 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனம் அந்தச் சிறு நிறுவனத்தை 133 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

அதன்பின் அரசாங்கங்கள் கேட்கத் தொடங்கின. சிங்கப்பூர் 2013இல் பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கேட்பவர்கள் இப்படிப் பொருள் பொருளாக அமைத்த கணினி மாதிரியாகவே சமர்ப்பிக்கவேண்டும் என்றது. டுபாய் மாநகரசபை 2014 முதல் நாற்பது மாடிக்கு மேற்பட்டவற்றுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியா 2016இல் மத்திய அரசின் கட்டட வேலைகளுக்கு விதித்தது. எங்கள் பிள்ளைகள் பலர் இதைத் தொழிலாகக் கற்றது வளைகுடாவில்தான். அங்கே கியூ.எஸ். (கணிய அளவையாளர்) ஆகவும் பொறியியலாளராகவும் பிம் (கட்டடத் தகவல் மாதிரி) என்ற பெயரில் இதனோடு நாளெல்லாம் பழகிவிட்டு, லீவில் ஊர் வந்து, தங்கள் சொந்த வீட்டைத் தாளை வைத்துக் கட்டுகிறார்கள்.

அப்படிக் கட்டும் மாடி வீட்டில் நடப்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். மேல்மாடிக் குளியலறையின் நாலங்குலப் பைப் பத்தடி தள்ளியிருக்கும் வெளிச்சுவருக்குப் போகவேண்டும். கழிவு தேங்காமல் ஓட நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும், அதாவது பத்தடிக்கு மூன்று அங்குல இறக்கம். தாளில் பைப் ஒரு கோடு, வளை இன்னொரு தாளில் ஒரு கோடு. இரண்டும் தனித்தனியே சரியானவை. கொங்கிறீட் இறுகிப் பலகை தட்டிய பிறகு பிளம்பர் வந்து அண்ணாந்து பார்க்கிறார்: மூன்று அங்குலம் இறங்கிய பைப் நேரே வளையின் வயிற்றில் நிற்கிறது. உடனே உளியும் சுத்தியலும் வரும். வளையின் கீழ்க்கம்பிதான் இழுவிசையைத் தாங்குவது. அது குறுக்கே வந்தால் அதையும் வெட்டுகிறார்கள். மேலே சாந்து பூசி வெள்ளை அடித்ததும் ஒருவருக்கும் தெரியாது. மாதிரியில் பைப்புக்கு விட்டமும் சரிவும் உண்டு, வளைக்கு ஆழம் உண்டு. இரண்டும் முட்டும் இடத்தை மென்பொருள் சிவப்பாகக் காட்டிவிடும். வளைக்குள் உறை வைப்பதா, குளியலறையை மாற்றுவதா என்று அத்திவாரம் வெட்டுமுன் தீர்மானித்துவிடலாம். பாக்ஸில் தேவைப்பட்டது இதே வேலைதான்.

இரண்டு பரப்புக் காணியில் கட்டும் சாதாரண வீட்டுக்கு இந்தச் செலவு ஏன் என்று கேட்பார்கள். ஒற்றைத்தட்டு வீடென்றால் நானும் வேண்டாம் என்பேன், நல்ல மேசன் போதும். ஆனால் ரொறன்ரோவில் இருந்து காசு அனுப்பும் அண்ணனுக்கும் இங்கே நின்று கட்டுவிக்கும் தம்பிக்கும் சீமெந்துக் கணக்கில் மனஸ்தாபம் வந்த வீடுகள் ஊரில் குறைவில்லை. எத்தனை கல், எத்தனை மூடை, எந்தக் கிழமை என்ன முடியும் என்று மாதிரியில் இருந்து எடுத்த ஒரு தாள் இருவர் கையிலும் இருந்தால், அந்தக் கணக்கைப் பற்றியாவது சந்தேகம் எழாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை நிலத்துக்குக் கீழே. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது, மேலே விட்டது விரைவாகக் கீழே போகும். பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தோட்ட உரமும் மலக்குழிகளும் காரணம். நிலையம் எடுக்கும் ஆசாரி ஈசான மூலையில் கிணற்றை வைப்பார், பிளானில் மலக்குழி அதற்கு எட்ட இருக்கும். பக்கத்துக் காணிக்காரரும் அப்படியே செய்வார். அவருடைய குழி எங்கள் கிணற்றோரம் வந்து நிற்பது எந்தப் பிளானிலும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு பிளானும் வேலியோடு முடிந்துவிடுகிறது. எத்தனை துல்லியமான மாதிரியும் வேலியோடு நின்றால் இதே குறைதான்.

வீடு கட்ட நல்லூர் பிரதேச சபையின் அனுமதி வேண்டும், அதற்குக் கொடுக்கும் பிளானில் கிணறும் குழியும் குறித்திருக்கவேண்டும். தகவல் ஏற்கெனவே தாளில் இருக்கிறது, அவற்றை ஒரே வரைபடத்தில் சேர்ப்பதுதான் பாக்கி. ரெவிற் வாங்கவேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். நில அளவையாளரின் படத்தில் உள்ள ஆள்கூறுகளோடு கிணறு ஒரு புள்ளி, குழி ஒரு புள்ளி, அவற்றின் ஆழம், கட்டிய வருடம். புதிய விண்ணப்பங்களில் தொடங்கலாம், பழைய வீடுகளைப் பிறகு ஒழுங்கை ஒழுங்கையாக அளந்து சேர்க்கலாம். அடுத்த முறை ஒருவர் மலக்குழிக்கு இடம் குறிக்கும்போது, அனுமதி கொடுக்கும் உத்தியோகத்தர் நாலு பக்கத்துக் கிணறுகளுக்குமான தூரத்தை மேசையில் வைத்தே பார்த்துவிடுவார்.