மாதம் 1,000 ரூபாய் சாஃப்ட்வேர், முதல் ஆண்டில் 1.65 லட்சம் ஆவது எப்படி?

அப்பாவோ மாமாவோ கட்டட ஒப்பந்தத் தொழில் செய்கிறாரா? "நீதானே கம்ப்யூட்டர் படிச்சிருக்க, நல்ல சாஃப்ட்வேரா பாரு" என்ற பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். வெப்சைட்டில் தெரியும் மாதக் கட்டணம் வாடகை மாதிரி. குடியேறும் செலவு தனி. செட்டப், ஆன்போர்டிங், இம்ப்ளிமென்டேஷன் என எந்தப் பெயரில் வந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கொச்சி மட்டாஞ்சேரியில் 5 பேர் சாஃப்ட்வேர் பயன்படுத்தும் ஒரு ஒப்பந்த நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணம் மட்டுமே, சந்தை விலை அல்ல.

- ஆண்டுச் சந்தா (5 × 1,000 × 12): ரூ.60,000
- செட்டப்: ரூ.40,000
- பழைய தரவை மாற்ற: ரூ.25,000
- பயிற்சி: ரூ.15,000
- ஜிஎஸ்டி 18%: ரூ.25,200
- மொத்தம்: ரூ.1,65,200

வரி நீங்கலாகப் பார்த்தாலும் ஒரு நபருக்கு மாதம் 2,333 ரூபாய் ஆகிறது. 3 ஆண்டு பயன்படுத்தினால் இது 1,444 ஆகக் குறையும். முதல் ஆண்டிலேயே கைவிட்டால் செட்டப், தரவு, பயிற்சிக்குக் கொடுத்த 80,000 ரூபாய் போனதுதான்.

ஜிஎஸ்டியை வழக்கமான முறையில் கட்டுபவர்கள் அந்த 25,200 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அதுவும் செலவுதான்.

செட்டப்பில் அப்படி என்ன வேலை?

கடைக்கு பில் போட்டால் போதும். ஒப்பந்தக்காரருக்கு ரன்னிங் பில், வாடிக்கையாளர் பிடித்து வைத்த தொகை, தினக்கூலி, துணை ஒப்பந்தக்காரரின் டிடிஎஸ் எல்லாம் வேலைவாரியாகப் பிரிய வேண்டும். பாதி முடிந்த வேலைகளின் பாக்கியையும் சரியாக ஏற்ற வேண்டும்.

மட்டாஞ்சேரியின் பழைய மசாலாக் கிடங்குகள் கஃபேக்களாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறுகின்றன. இந்தப் புதுப்பிப்பு வேலைகளில் ஒன்று போல இன்னொன்று இருக்காது. அரசு வேலை வேறு மாதிரி: கேரளப் பொதுப்பணித் துறை மதிப்பீடுகளை 'பிரைஸ்' என்ற மென்பொருளில் தயாரிக்கிறது. அந்த வேலைப் பட்டியலை உங்கள் சாஃப்ட்வேர் ஏற்காவிட்டால் இரண்டு முறை டைப் செய்யணும். சைட்டில் மலையாளம், தமிழ், இந்தி பேசுபவர்கள் கலந்திருந்தால் பயிற்சி நேரமும் கூடும்.

'நம்ம வழக்கப்படி மாத்திக் கொடுங்க'

செலவு எகிறுவது பெரும்பாலும் இந்த வரியில்தான். பிரிட்டனின் பர்மிங்காம் மாநகராட்சி ஆரக்கிள் மென்பொருளைத் தன் பழைய நடைமுறைக்கு ஏற்ப மாற்றியமைத்து, 2022 ஏப்ரலில் தொடங்கியது. வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதிலேயே சிக்கல் வந்தது. சுமார் 1.9 கோடி பவுண்டு என்று போட்ட திட்டச் செலவு, 2023-இல் 10 கோடி பவுண்டு வரை போகலாம் என்று மதிப்பிடப்பட்டது. சிறிய நிறுவனத்துக்கும் இதே பாடம்தான்: முடிந்தவரை சாஃப்ட்வேரின் வழிக்கு நீங்கள் மாறுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

1. செட்டப் கட்டணத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை வேலைகளின் தரவு அடங்கும்? எழுத்தில் வாங்குங்கள்.
2. இ-இன்வாய்ஸ் வசதிக்குத் தனிக் கட்டணமா? ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம்.
3. ஆறாவது நபரைச் சேர்த்தால் மீண்டும் செட்டப் கட்டணமா?
4. விலகினால் தரவு எக்ஸெல் வடிவில் கிடைக்குமா? ஆண்டு ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும்.
5. பணத்தைத் தவணையாகத் தரலாமா? ஒரு சைட்டின் முதல் ரன்னிங் பில் சரியாக வந்த பிறகு மீதியைத் தருவது பாதுகாப்பு.

முடிந்த வேலைகளின் தரவையெல்லாம் ஏற்றத் தேவையில்லை. பழைய கணக்கைப் பத்திரமாக வைத்துவிட்டு, நடப்பு வேலைகளை மட்டும் மாற்றினாலே செட்டப் செலவு குறையும்.